வீன்யா ரியோண்டா 2016 ஒயின்: மகளுக்கு 18 வயது ஆகும்வரை தாங்குமா?

வைகைக்கரையான் (டூரின்)

வணக்கம். இந்தத் தளத்தை இரண்டு வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. விஷயம் மனசுக்கு நெருக்கமானது என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

என் மகள் 2016 அக்டோபரில் பிறந்தாள். டூரினிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓட்டினால் லாங்கே மலைகள் வந்துவிடும். அதே அக்டோபரில்தான் அங்கே நெபியோலோ திராட்சை அறுவடை நடந்தது. அப்போது என் மேலாளராக இருந்தவர் இந்தப் பியட்மாண்ட் மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர். குழந்தையைப் பார்க்க மருத்துவமனைக்கு வந்தவர், "நல்ல வருடத்தில் பிறந்திருக்கிறாள். இவள் பெயரில் கொஞ்சம் பரோலோ ஒயின் வாங்கி வையுங்கள், இரண்டும் சேர்ந்து வளரட்டும்" என்றார். தன் இரண்டு பிள்ளைகளுக்கும் அவர் அப்படித்தான் செய்திருக்கிறார்.

அதை மனதில் வைத்து ஆறு வருடம் காத்திருந்து 2022-ல் மூன்று பாட்டில் வாங்கினேன். மஸ்ஸோலினோ குடும்பம் செய்யும் வீன்யா ரியோண்டா என்கிற ஒற்றைத் தோட்டப் பரோலோ, ரிசெர்வா (கூடுதல் காலம் முதிரவைத்து வெளியிடும் வகை) 2016. மூன்றுக்கும் கொடுத்த பணம் எங்கள் வீட்டு வாடகையில் பாதிக்கு மேல். மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன், அவளும் சந்தோஷமாகவே சம்மதித்தாள்.

வாங்கிய பிறகு வைத்த இடம்தான் இப்போது உறுத்துகிறது. எங்களுக்குத் தனி நிலவறை கிடையாது. படுக்கையறை அலமாரியின் அடித்தட்டில், போர்வைகளுக்குப் பின்னால் படுக்கவைத்திருக்கிறேன். டூரின் கோடை உங்களுக்குத் தெரிந்திருக்கும், 35 டிகிரி சாதாரணம். நாங்கள் வீட்டில் இருந்தால் ஏசி ஓடும், இல்லாத நேரம் ஓடாது. மூன்று கோடை இப்படிப் போய்விட்டது.

இந்த ஒயின் 2034 வரை தாங்குமா? ஏற்கெனவே கெட்டுப்போயிருக்குமா? திறக்காமல் கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கிறதா?

---

பனங்கீற்று (சூரிச்)

தம்பி, முதலில் அந்தப் போத்தல்களை அலமாரியை விட்டு எடுங்கள். மற்றதெல்லாம் பிறகு கதைப்போம்.

நான் பட்டதைச் சொல்கிறேன். இங்கே அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலத்துக்குக் கீழே ஒரு சின்ன அறை தருவார்கள், கெல்லர் என்போம். அங்கே வைத்தால் போதும் என்று நம்பி 11 வருசம் வைன் சேர்த்தேன். என் அறைச் சுவரை ஒட்டி முழுக் கட்டடத்துக்கும் சுடுநீர் கொண்டுபோகும் குழாய் ஓடுகிறது என்பதை நான் கவனிக்கவே இல்லை. சுவர்ப்பக்கம் இருந்த வரிசையில் ஒன்றைத் திறந்தபோது தக்கை கழுத்துக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றது. கிண்ணத்தில் ஊற்றினால் கொதித்த உலர்திராட்சை மணம். பூ இல்லை, பழம் இல்லை. அந்த வரிசையில் 14 போத்தல், எல்லாம் அப்படித்தான். கதவுப்பக்கம் இருந்த அதே வைன் நன்றாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மீட்டர் கூட இல்லை.

12 முதல் 14 டிகிரி. அதைவிட முக்கியம், அது ஏறி இறங்கக் கூடாது. வெப்பம் ஏறினால் போத்தலுக்குள் இருக்கும் வைன் விரிந்து தக்கையைத் தள்ளும், இறங்கினால் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். உங்கள் ஏசி ஓடுவதும் நிற்பதும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

---

திராட்சைக்கொடி (சிங்கப்பூர்)

பனங்கீற்று அண்ணன் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. நான் இங்கே ஒரு ஹோட்டலில் சோமலியேவாக வேலை பார்க்கிறேன். வருடம் முழுக்க 30 டிகிரி இருக்கிற ஊரில் பழைய ஒயின் பரிமாறுகிறவளுக்கு முதல் வேலையே பாட்டில் வெந்துபோயிருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

தம்பி, திறக்காமல் மூன்று விஷயம் பார்க்கலாம். பாட்டிலை நிமிர்த்தி வைத்து வெளிச்சத்தில் ஒயின் மட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மூன்றும் ஒரே வயது, ஒரே பெட்டி, அதனால் மூன்றிலும் மட்டம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதன் கார்க் ஒழுகுகிறது. அடுத்து, கழுத்தைச் சுற்றியிருக்கிற தகட்டு உறையை விரலால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினால் நல்லது. ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் உள்ளே ஒயின் கசிந்து காய்ந்திருக்கலாம். மூன்றாவது, உறையின் மேல்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கார்க் புடைத்திருந்தால் விரலுக்கே தெரிந்துவிடும்.

பார்த்துவிட்டு எழுதுங்கள். அதற்குள் பயந்துவிட வேண்டாம். நீங்கள் வாங்கியிருப்பது சாதாரண ஒயின் இல்லை. செர்ரலுங்கா தால்பா கிராமத்து நெபியோலோ, அதுவும் 2016. பரோலோவிலேயே இவ்வளவு அடி தாங்கக்கூடியது வேறு அதிகம் இல்லை.

---

முகில் (கோவை)

கேள்வி கேட்கலாமா? பரோலோ என்பது ஊர் என்று தெரியும். "ஒற்றைத் தோட்டம்" என்றால் என்ன கணக்கு? ஒரே ஆளுடைய தோட்டமா?

---

திராட்சைக்கொடி (சிங்கப்பூர்)

இல்லை முகில். பரோலோ என்கிற பெயரில் ஒயின் செய்ய அனுமதி உள்ள கிராமங்கள் 11. திராட்சை நெபியோலோ மட்டும், வேறு எதையும் கலக்கக் கூடாது. வழக்கமாகப் பல சரிவுகளில் பறித்த பழத்தைச் சேர்த்து ஒரே ஒயினாக்குவார்கள். ஒற்றைத் தோட்ட ஒயின் என்றால், பெயர் குறித்த ஒரே சரிவில் விளைந்த பழம். அந்தச் சரிவுக்குப் பல சொந்தக்காரர்கள் இருக்கலாம். வீன்யா ரியோண்டா மொத்தமே சுமார் 10 ஹெக்டேர்தான், அதிலும் பல குடும்பங்களுக்குப் பங்கு உண்டு.

இப்படிப் பெயர் சொல்லி அழைக்கிற நிலப்பகுதிகளுக்கு எல்லை வரைந்து, 2010 அறுவடையிலிருந்து சட்டமாகவே கொண்டுவந்தார்கள். 11 கிராமப் பெயர்களையும் சேர்த்து மொத்தம் 181. அதிகாரப் பட்டியலில் இந்தத் தோட்டத்தின் பெயர் "வீன்யாரியோண்டா" என்று ஒரே சொல்லாக இருக்கும். மஸ்ஸோலினோ லேபிளில் இரண்டு சொல். புரூனோ ஜாகோசா என்கிற தயாரிப்பாளரின் பழைய பாட்டில்களில் "கொல்லினா ரியோண்டா", அதாவது ரியோண்டாக் குன்று. மூன்றும் ஒரே இடம்தான்.

---

நேர்கோடு (டொராண்டோ)

இங்கே எல்லாரும் தோட்டப் பெயருக்கு இவ்வளவு மரியாதை தருவதால் எனக்குச் சரியென்று படுவதைச் சொல்லிவிடுகிறேன். 181 பெயர் என்பது தர வரிசை இல்லை. பிரான்ஸின் பர்கண்டியில் இருப்பதுபோல இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று யாரும் பிரிக்கவில்லை. மொன்ஃபோர்தே கிராமத்தில் புஸ்ஸியா என்கிற பெயரின் கீழ் கிட்டத்தட்ட 300 ஹெக்டேர் அடங்குகிறது. ஒரு மலைத்தொடரையே ஒரு தோட்டம் என்று எப்படி அழைப்பது?

கன்னூபியை எடுத்துக்கொள்ளுங்கள். பரோலோ ஊரிலேயே புகழ்பெற்ற குன்று, அந்தப் பெயர் எழுதிய 1752-ஆம் வருடப் பாட்டில் ஒன்று இன்றும் இருக்கிறது. நடுக்குன்று சுமார் 15 ஹெக்டேர். பக்கத்துத் துண்டுகளும் வெறுமனே கன்னூபி என்று போட்டுக்கொள்ளலாமா என்று வருடக்கணக்கில் வழக்கு நடந்து, கடைசியில் போடலாம் என்று தீர்ப்பானது. இப்போது அந்தப் பெயருக்குள் அடங்கும் நிலம் இரண்டு மடங்குக்கு மேல்.

பழைய வழக்கம் கலப்புதான். லா மொர்ரா பழம் வாசனைக்கு, செர்ரலுங்கா பழம் வலுவுக்கு, இன்னொரு ஊர்ப் பழம் இரண்டையும் இணைக்க. பர்தோலோ மஸ்கரெல்லோ 2005-ல் இறக்கும்வரை கன்னூபி, சான் லொரென்ஸோ, ருவே, ரொக்கே என்று நான்கு தோட்டத்துப் பழத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே ஒரு பரோலோதான் செய்தார். பிரித்து விற்றால் விலை கூடும் என்று தெரிந்தும் செய்யவில்லை. அவர் மகள் இன்றும் அதையே தொடர்கிறார். அந்த ஒயினைவிட உயர்ந்தது எது என்று யாராவது சொல்லுங்கள்.

---

பனங்கீற்று (சூரிச்)

மஸ்கரெல்லோ வைனைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவே மாட்டேன். இரண்டு தடவை குடித்திருக்கிறேன், இரண்டு தடவையும் பேச்சு வரவில்லை.

ஆனால் இடம் என்று ஒன்று இருக்கிறது, தம்பி. அதை நான் முதலில் மூக்கால் அறிந்தேன், பிறகு கையால் அறிந்தேன். சூரிச்சில் நான் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலம், 90-களின் நடுப்பகுதி. ஒரு மேசையில் இருந்து திரும்பி வந்த போத்தலின் அடியில் இரண்டு விரல் அளவு வைன் இருந்தது. தலைமைச் சமையல்காரர் என்னைக் கூப்பிட்டு, சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, "இதை அவசரப்படாமல் மணந்து பார்" என்றார். ஜாகோசாவின் கொல்லினா ரியோண்டா 1982. கிண்ணத்தின் விளிம்பு செங்கல் நிறம். முதலில் வந்தது தார், வெயிலில் புதுரோட்டுப் போடும்போது வருமே, அந்த மணம். அதற்குப் பின்னாலேயே காய்ந்த ரோசா இதழ். இரண்டும் எப்படி ஒரே கிண்ணத்தில் இருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. அன்று இரவு முழுக்க அந்தக் கிண்ணத்தைக் கழுவாமல் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு 10 வருசம் கழித்து கார் வாங்கியதும் மனைவி பிள்ளைகளோடு முதல் பயணமே அங்கேதான். லா மொர்ரா பக்கம் மண்ணை அள்ளினால் நீலச்சாம்பல் நிறம், சுண்ணாம்பும் களியும் கலந்தது, விரலுக்குள் பொடிந்துவிடும். பள்ளத்தாக்கைக் கடந்து செர்ரலுங்கா போய் அள்ளினால் வெளிறிய மஞ்சள், இடையிடையே மணற்கல் பட்டை, நகத்தால் கீறினாலும் அசையாது. வைனும் அப்படியேதான். மேற்கே இளமையிலேயே வாசம் தருகிறது, கிழக்கே கனகாலம் வாயைத் திறக்காது. நான் படித்தவன் இல்லை, ஆனால் இரண்டு மண்ணையும் ஒரே நாளில் தொட்டவன்.

---

திராட்சைக்கொடி (சிங்கப்பூர்)

அண்ணா, 82 கொல்லினா ரியோண்டாவா! ஒரு தொழிலாளியைக் கூப்பிட்டு அதைக் கொடுத்த அந்தச் சமையல்காரர் நல்லா இருக்கணும்.

நேர்கோடு சொன்னதில் பாதியை நானும் ஒத்துக்கொள்கிறேன். லேபிளில் தோட்டப் பெயர் இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் கூடுதல் பணம் கொடுக்கக் கூடாது. ஆனால் தோட்டப் பெயரைப் பிரித்து எழுதத் தொடங்கியது விலைக்காக மட்டும் இல்லை. 1961 அறுவடையில் இரண்டு பேர் அதைச் செய்தார்கள். வியெத்தி ஒயின் நிறுவனத்தில் அல்ஃப்ரெதோ குர்ராதோ ரொக்கே சரிவைத் தனியாக எடுத்தார், ப்ருனோத்தோ நிறுவனத்தில் பெப்பே கொல்லா புஸ்ஸியாவைத் தனியாக எடுத்தார். அதுவரை விவசாயி பழத்தை எடைபோட்டு வியாபாரியிடம் கொடுத்துவிட்டுப் போவார், எந்தச் சரிவு என்பது பாட்டிலுக்குப் போகும்முன்பே மறைந்துவிடும். பிறகு ரெனாத்தோ ராத்தி என்கிற தயாரிப்பாளர் ஒவ்வொரு குன்றாக நடந்து வரைபடம் போட்டார். நல்ல சரிவு எது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. குளிர்காலம் முடியும்போது எங்கே முதலில் பனி உருகுகிறதோ அங்கே நெபியோலோ நடு என்பது அவர்கள் பாட்டன் காலத்துப் பாடம். நெபியோலோ சீக்கிரம் துளிர்த்து, எல்லாவற்றுக்கும் கடைசியில் பழுக்கிற கொடி. வெயில் ஒரு மணி நேரம் குறைந்தாலும் துவர்ப்பு பச்சையாகவே நின்றுவிடும்.

வீன்யா ரியோண்டா தெற்கும் தென்மேற்கும் பார்த்த சரிவு. எதிரே நிற்கிற குன்று காற்றை மறைக்கிறது. அதனால் அக்டோபர் வரை வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. துவர்ப்பு அதிகம், ஆனால் பழுத்த துவர்ப்பு. புளிப்பும் குறையாது. இந்த இரண்டும்தான் ஒயினை முப்பது வருடம் நிற்க வைக்கிற எலும்பு.

மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 80-களில் லா மொர்ராவில் ஒயின் செய்யும் எலியோ அல்தாரே தன் அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை ரம்பத்தால் அறுத்த கதை எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு 225 லிட்டர் பிரெஞ்சு பரிக் பீப்பாய் அங்கே பரவியது. அந்தத் தலைமுறை தோட்டங்களைச் சுத்தமாக்கியது, பழத்தின் தரத்தை ஏற்றியது, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் புதுப் பரிக்கில் வெனிலாவும் வறுவல் வாசமும் ஏறி, இந்தத் தோட்டம் எது, அந்தத் தோட்டம் எது என்று பிரிக்க முடியாமல் போன ஒயின்களையும் நான் நிறையப் பரிமாறியிருக்கிறேன். ஒற்றைத் தோட்டம் என்று சொல்லிவிட்டு மர வாசம் காட்டினால் என்ன பயன்? மஸ்ஸோலினோ வீன்யா ரியோண்டாவைப் பெரிய ஓக் பீப்பாயில்தான் முதிரவிடுகிறார்கள். தம்பி அந்தப் பாட்டிலைத் தேர்ந்தெடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

---

நேர்கோடு (டொராண்டோ)

பெரிய பீப்பாய் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அதில் உங்களோடு நிற்கிறேன்.

என் வருத்தம் வாங்குகிறவர்களைப் பற்றியது. தோட்டப் பெயர் இருக்கிறது என்று பெரிய விலை கொடுத்து ஒரே ஒரு பாட்டில் வாங்குகிறார்கள், இரண்டாம் வருடமே ஒரு விருந்தில் திறக்கிறார்கள், வாய் முழுக்கத் துவர்ப்பு, முகத்தைச் சுளித்துக்கொண்டு "இதுவா பரோலோ" என்கிறார்கள். கலப்பு பரோலோ வாங்கியிருந்தால் 8, 10 வருடத்தில் அழகாகக் குடித்திருக்கலாம். காத்திருக்க இடமும் மனசும் இல்லாதவர்களுக்கு வீன்யா ரியோண்டா வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வைகைக்கரையானுக்கு மனசு இருக்கிறது. இடம்தான் இல்லை.

---

வைகைக்கரையான் (டூரின்)

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு மகள் தூங்கிய பிறகு மூன்றையும் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் நிறுத்தி, பின்னால் கைவிளக்கு வைத்துப் பார்த்தேன்.

இரண்டில் மட்டம் ஒரே அளவு, கழுத்தில் கார்க்குக்குக் கீழே ஒன்றரை சென்டிமீட்டர். உறையும் சுலபமாகச் சுற்றுகிறது. மூன்றாவதில் மட்டம் அரைச் சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. உறை அசையவில்லை. ஓரத்தில் நகம் வைத்துப் பார்த்தால் பிசுபிசுப்பு. அது அலமாரியில் வெளிச்சுவரை ஒட்டி இருந்தது, அந்தச் சுவரில்தான் மாலை வெயில் விழும்.

பார்த்தவுடன் நெஞ்சு அடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆறு வருடம் காத்திருந்து வாங்கியதை மூன்று வருடம் நானே வேகவைத்திருக்கிறேன்.

---

பனங்கீற்று (சூரிச்)

மனதை விடாதீர்கள். மூன்றில் ஒன்று, அவ்வளவுதான். அந்த ஒன்றை இப்போதே திறவுங்கள். அது இனி முன்னேறாது. மற்ற இரண்டின் நிலைமையையும் அது உங்களுக்குச் சொல்லிவிடும்.

---

முகில் (கோவை)

திறக்காமல் கோரவின் ஊசி வைத்துக் கொஞ்சம் எடுத்து ருசி பார்க்கலாமே?

---

திராட்சைக்கொடி (சிங்கப்பூர்)

ஒழுகுகிற கார்க்கில் ஊசி போட வேண்டாம் முகில். நல்ல இரண்டிலும் வேண்டாம். எடுத்த ஒயினுக்குப் பதிலாக அந்தக் கருவி செலுத்தும் ஆர்கான் வாயு உள்ளே போனால் சில மாதம் நன்றாக இருக்கும், ஒன்பது வருடத்துக்கு நான் நம்ப மாட்டேன்.

தம்பி, பனங்கீற்று அண்ணன் சொன்னபடியே செய்யுங்கள், ஆனால் சடங்காகச் செய்யுங்கள். அதுவும் வீன்யா ரியோண்டாதான். மூன்று நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள், கசண்டு அடியில் இறங்கட்டும். திறக்கும் நாள் காலையிலேயே கார்க்கை எடுத்துவிட்டு ஒரு வாய் அளவு ஊற்றி மோந்து பாருங்கள். கொதித்த வாசம் இல்லை என்றால் பாட்டிலை அப்படியே குளிர்ந்த இடத்தில் மூடாமல் விடுங்கள். டிகாண்டர் குடுவையில் ஒரேயடியாகக் கவிழ்க்க வேண்டாம். நெபியோலோவுக்குக் காற்று மெதுவாகப் போனால்தான் வாசனை உடையாமல் வரும். மாலையில் 17, 18 டிகிரியில் குடியுங்கள்.

நிறம் பார்த்துப் பயப்படாதீர்கள். நெபியோலோவில் நிறமி குறைவு, இருப்பதும் சீக்கிரம் வெளுக்கிற வகை. 9 வயதில் விளிம்பு ஆரஞ்சாக இருந்தால் கிழடு ஆகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. கண்ணை நம்பாமல் மூக்கையும் நாக்கையும் நம்புங்கள்.

சாப்பாட்டுக்குக் காரம் வேண்டாம். மிளகாய் எரிச்சலும் இந்தத் துவர்ப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். ஆட்டுக்கறியை மிளகு மட்டும் போட்டு மெதுவாக வேகவிடுங்கள், அல்லது அந்த ஊர்க்காரர்கள் செய்வதுபோல மாட்டுக்கறியைச் சிவப்பு ஒயினிலேயே மணிக்கணக்கில் வேகவிடுங்கள்.

---

நேர்கோடு (டொராண்டோ)

தனியாகத் திறக்காதீர்கள். உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த அந்தப் பெரியவரைக் கூப்பிடுங்கள்.

---

வைகைக்கரையான் (டூரின்)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நேர்கோடு சொன்ன அந்த ஒரு வரி எல்லாவற்றையும் மாற்றிவிட்டது, அதற்குத் தனியாக நன்றி.

பெரியவர் இப்போது ஓய்வு பெற்று மொன்ஃபெர்ராத்தோவில் தன் பூர்வீக வீட்டில் இருக்கிறார். போனில் நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை. "மூன்றையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை குடும்பத்தோடு வா" என்றார். குளிர்ப்பெட்டியில் ஈரத்துண்டு சுற்றி வைத்து, காரில் ஒவ்வொரு வளைவிலும் மனைவி கையால் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஒழுகிய பாட்டிலைக் காலை 10 மணிக்கு அவரே திறந்தார். கார்க்கின் ஒரு பக்கத்தில் அடியிலிருந்து மேல்வரை ஊதாக் கோடு, பென்சிலால் இழுத்ததுபோல. அந்த வழியாகத்தான் கசிந்திருக்கிறது. மறுபக்கம் பாதிக்கு மேல் சுத்தம். மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினார். காய்ந்த அத்திப்பழம், கொஞ்சம் தோல் செருப்பு வாசம். பனங்கீற்று அண்ணா சொன்ன கொதித்த உலர்திராட்சை இல்லை. ஆனால் பூவும் இல்லை. எனக்கு முகம் விழுந்துவிட்டது. "இன்னும் காலைதான்" என்று சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குப் போய்விட்டார்.

இரவு 7 மணிக்கு மறுபடி ஊற்றினார். திராட்சைக்கொடி அக்கா, நீங்கள் சொன்ன நிறம்தான், நடுவில் மாதுளை, விளிம்பில் மங்கிய ஆரஞ்சு. மூக்கை வைத்தால் முதலில் புதினா, அப்புறம் தார், அப்புறம் ரோஜா மெதுவாக வந்தது. வந்தது என்று எழுதும்போதே எனக்கு இப்போது சிலிர்க்கிறது. வாயில் வைத்தால் துவர்ப்பு பல் ஈறில் இறங்கி நாவல்பழம் தின்றதுபோல நாக்கைப் பிடித்தது. அந்தப் பிடி விடும்போது புளிப்பு எழுந்து வாயெல்லாம் ஊறியது. மாட்டுக்கறி ஒரு துண்டு, மறுபடி ஒரு வாய், அப்போது துவர்ப்பு பாதியாகக் குறைந்திருந்தது.

பெரியவர் சொன்னது இதுதான்: இந்தப் பாட்டில் அதன் வயதைவிட நான்கைந்து வருடம் முன்னால் ஓடிவிட்டது, ஆனால் சாகவில்லை. மூன்று கோடை வெந்தும் இப்படி நிற்கிறது என்றால் நல்ல கார்க் உள்ள மற்ற இரண்டும் 2034-ஐ எளிதாகத் தாண்டும். இனிமேல் ஒழுங்காக வைத்தால்.

வைக்கிற இடமும் அவரே கொடுத்தார். அந்த வீட்டுக்குக் கீழே ஒரு இன்ஃபெர்னோத் இருக்கிறது. மொன்ஃபெர்ராத்தோவில் பழைய வீடுகளின் அடியில் கல்லைக் குடைந்து செய்த சின்ன அறை. ஜன்னல் கிடையாது, காற்றுவழி கிடையாது. குளிர்காலத்தில் வயல் வேலை இல்லாத நாட்களில் அவருடைய தாத்தாவின் அப்பா கையாலேயே குடைந்ததாம். 2014-ல் லாங்கே, ரொயேரோ, மொன்ஃபெர்ராத்தோ திராட்சை நிலங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இந்த இன்ஃபெர்னோத்களும் அதில் இருந்தன என்பதைப் பெருமையோடு சொன்னார். 14 படி இறங்க வேண்டும். சுவரிலேயே தட்டு வெட்டியிருக்கிறார்கள், உளி விழுந்த தடம் வரிவரியாகத் தெரிகிறது. வெளியே 31 டிகிரி. உள்ளே சுவரில் தொங்கிய வெப்பமானி 13 காட்டியது. கோடையிலும் குளிரிலும் ஒரு டிகிரிக்கு மேல் அசையாது என்றார். அவர் பிள்ளைகளுக்காக வாங்கியவற்றில் மிச்சம் இருந்த நான்கு பாட்டில் மேல் தட்டில் தூசியோடு படுத்திருந்தன.

மகள் இரண்டு பாட்டிலையும் ஒவ்வொன்றாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். நான் பின்னாலேயே விளக்கோடு போனேன். கீழ்த் தட்டில் அவளே படுக்கவைத்தாள். பெரியவர் இரண்டு அட்டையும் நூலும் கொடுத்தார். ஒன்றில் தமிழில் தன் பெயரை எழுதி, கீழே "அக்டோபர் 2034" என்று எழுதிக் கழுத்தில் கட்டினாள். இன்னொரு அட்டை இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அதில் எந்த வருடம் எழுதலாம்?

---

பனங்கீற்று (சூரிச்)

வாசித்து முடிக்கக் கண் கலங்கிவிட்டது, தம்பி. அந்தப் பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இன்ஃபெர்னோத்துக்குள் ஈரம் கூடுதலாக இருக்கும், லேபிள் ஊறிப் பூஞ்சை பிடிக்கும். வைனுக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. ஆனால் பிள்ளை கட்டிய அட்டை அழிந்துவிடும். அடுத்தமுறை போகும்போது மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்று கொண்டுபோய் அட்டையை மட்டும் அதற்குள் போட்டுவிடுங்கள். போத்தலைச் சுற்ற வேண்டாம்.

---

நேர்கோடு (டொராண்டோ)

இரண்டாவது அட்டையில் 2041 எழுதுங்கள், அவளுக்கு 25. நல்ல செர்ரலுங்கா 2016-க்கு அது நடுவயதுதான். ஒற்றைத் தோட்டம் பற்றி நான் மேலே எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் இந்த இரண்டு பாட்டிலுக்காகக் காத்திருப்பேன்.

---

திராட்சைக்கொடி (சிங்கப்பூர்)

2041 சரிதான். ஆனால் 2034-ல் முதல் பாட்டிலைத் திறந்து பார்த்த பிறகு அவளே எழுதட்டும், தம்பி. அட்டையை வெறுமையாகவே விடுங்கள்.